முழங்கையில் அழுந்திய நரம்பு: அறுவை சிகிச்சை இல்லாமல் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 43. கணினியில்தான் வேலை. நான்கு மாதங்களாக இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகின்றன. இரவில் தூக்கம் கலைந்து எழுந்து கையை உதறுகிறேன். நரம்பு கடத்தல் பரிசோதனையில் முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்று வந்தது. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மாத்திரையும் ஓர் ஊசியும் போதும் என்கிறார். கத்தி வைக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: உங்கள் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குச் சரியாகிறது. ஆனால் காத்திருக்கலாமா கூடாதா என்பதை மரத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கையின் பலத்தையும் பார்க்க வேண்டும். பலம் குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கை சிகிச்சையில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். வீட்டிலேயே இப்போதே பார்த்துவிடலாம்.

ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே, கட்டைவிரலை நேராக வைத்து, இறுக்கிப் பிடியுங்கள். வீட்டில் ஒருவரை அதை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளிலும் செய்து பாருங்கள். இடது கையில் மட்டும் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கித்தான் தாளைப் பிடிக்க முடிகிறது என்றால், அந்த நரம்பு ஊட்டும் தசை தளர்ந்துவிட்டது என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரோமான் 1915ஆம் ஆண்டு விவரித்த சோதனை இது. இன்றும் இதற்கு ஈடாக எளிய சோதனை இல்லை. அடுத்து, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையைப் பாருங்கள். வலது கையில் மேடாகவும் இடது கையில் பள்ளமாகவும் இருக்கிறதா? சட்டைப் பைக்குள் கை விடும்போது சுண்டுவிரல் மட்டும் விலகி வெளியே மாட்டிக்கொள்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும், இனி நான் சொல்லப் போகும் எதையும் தனியாகச் செய்துகொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கை அறுவை நிபுணர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.

அந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நரம்பின் மேலுறை மட்டும் அழுத்தத்தால் கெட்டிருந்தால், அழுத்தம் நீங்கிய சில வாரங்களில் அல்லது இரண்டு மூன்று மாதங்களில் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். உள்ளே இருக்கும் இழைகளே அறுந்துபோனால் அவை மறுபடியும் வளர வேண்டும். அந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகள் 25 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கின்றன. ஆக, அது போய்ச் சேரவே பத்து மாதங்கள் ஆகும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நரம்பின் தொடர்பு இல்லாமல் கிடந்த தசை பிறகு முழுமையாக மீள்வதில்லை. சதை வற்றத் தொடங்கிய பின் "இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம்" என்று சொல்வது இதனால்தான் ஆபத்து.

பரிசோதனை அறிக்கையும் உங்களிடம் இருக்கிறதே, அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, முழங்கையைக் கடக்கும் இடத்தில் கடத்தல் வேகம். அது நொடிக்கு 50 மீட்டருக்குக் கீழே இருந்தாலோ, முன்கைப் பகுதியின் வேகத்தைவிட 10 மீட்டருக்கு மேல் குறைந்திருந்தாலோ முழங்கையில் தடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். எல்லாரும் பார்ப்பது இந்த எண்ணைத்தான். எனக்கு அதைவிட முக்கியம் இரண்டாவது எண்: நரம்பைத் தூண்டும்போது பதிவாகும் மின் அலையின் உயரம் (அறிக்கையில் amplitude என்று இருக்கும்). வேகம் குறைந்தும் உயரம் நன்றாகவே இருந்தால் பெரும்பாலும் மேலுறைதான் கெட்டிருக்கிறது, நிம்மதியாகச் சிகிச்சையைத் தொடங்கலாம். உயரமும் மறு கையைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் இழைகள் அறுந்துகொண்டிருக்கலாம். குளிரூட்டிய அறையில் கை சில்லிட்டிருக்கும்போது பரிசோதித்தால் வேகம் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, நரம்பு ஏன் அங்கே அழுந்துகிறது என்று பார்ப்போம். சிகிச்சை முழுவதும் இதைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. முழங்கையின் உட்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த இடம். அந்த மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில், தோலுக்கு மிக அருகில், அல்நார் நரம்பு ஓடுகிறது. அதன் மேல் ஒரு தசைநார்ப் பட்டை கூரைபோல் மூடியிருக்கிறது. கையை மடக்கும்போது அந்தக் கூரை இழுபட்டு இறுகுகிறது, வழி தட்டையாகிறது, நரம்பும் எலும்பைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் ஏறக்குறைய 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீள வேண்டியிருக்கிறது. ஒரே சமயத்தில் நெரிக்கவும்படுகிறது, இழுக்கவும்படுகிறது. அதற்குள் ஓடும் நுண்ணிய ரத்த நாளங்கள் அழுந்திச் சுருங்கும்போது மரத்துப்போகிறது. கையை உதறி நீட்டினால் சில நிமிடங்களில் உணர்வு திரும்புகிறது. நீங்கள் இரவில் செய்வது இதுதான். கையை உதறியதால் சரியானதாகத் தோன்றும், நீட்டியதால்தான் சரியாயிற்று.

ஆகவே இந்தச் சிகிச்சையில் நரம்புக்கு நாம் எதையும் கொடுப்பதில்லை. மடக்கியே வைப்பது, கடினமான பரப்பில் ஊன்றுவது ஆகிய இரண்டையும் மாதக்கணக்கில் அதனிடமிருந்து விலக்கி வைக்கிறோம். கேட்பதற்கு மிக எளிதாக இருப்பதாலேயே பலர் இதைச் சிகிச்சையாக மதிப்பதில்லை. மாத்திரை எழுதித் தராத ஆலோசனையை அரைகுறையாகச் செய்துவிட்டு, "பிசியோ செய்தும் கேட்கவில்லை" என்று அறுவை அரங்குக்குப் போனவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும்.

சுவீடனில் நடந்து 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. லேசான, மிதமான பாதிப்புள்ள 70 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரவில் முழங்கை மடங்காமல் தடுக்கும் பட்டை, இன்னொன்றுக்கு நரம்பை நகர்த்தும் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு விளக்கம் மட்டும்: நோய் ஏன் வருகிறது, எதைச் செய்யக் கூடாது என்று. அந்த விளக்கம் மற்ற இரு குழுக்களுக்கும் தரப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின் பரிசோதிக்க முடிந்த 57 பேரில் 51 பேருக்கு முன்னேற்றம். மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பட்டை வீண் என்று இதை வாசிக்க மாட்டேன். ஏன், எதற்கு என்று புரிந்து பழக்கத்தை மாற்றியவருக்குப் பட்டையின் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது என்றுதான் வாசிக்கிறேன்.

இரவிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் ஆறேழு மணி நேரம் நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் கை மடங்கிக் கிடப்பது அப்போதுதான். கன்னத்துக்கு அடியில் கையை வைத்துத் தூங்குவது, தலையணைக்கு அடியில் மடக்கிச் செருகிக்கொள்வது, மார்போடு சேர்த்துக் குறுக்கிக்கொள்வது, இவையெல்லாம் முழங்கையை முழுவதும் மடக்குகின்றன. தூங்கும்போது மனவுறுதி உதவாது. தடுப்பு ஒன்று வேண்டும். பெரிய குளியல் துண்டு ஒன்றை எடுத்து, முழங்கையை நடுவில் வைத்து மேற்கையிலிருந்து முன்கை வரை நான்கைந்து சுற்றுச் சுற்றி, மேலே கிரேப் பேண்டேஜால் தளர்வாகக் கட்டுங்கள். கை மடங்க முயலும்போது துண்டின் பருமன் தடுக்க வேண்டும், அவ்வளவு போதும். விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும் முழங்கை உறையை வாங்கி, அதன் மெத்தைப் பகுதி முழங்கையின் மடிப்புப் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வதும் பலருக்கு ஒத்துவருகிறது. மருத்துவமனையில் சூடாக்கி உங்கள் கைக்கு ஏற்ப வளைத்துத் தரும் பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் இவற்றைவிட உறுதியானது. அதைப் போடும்போது உள்ளே பருத்தி உறை ஒன்றை அணியுங்கள். கோடையில் வியர்த்து அரிக்கத் தொடங்கினால் மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிடுவீர்கள்.

கையை விறைப்பாக நேராக நீட்டிக் கட்ட வேண்டியதில்லை. இறந்தவர்களின் கைகளில் அழுத்தத்தை அளந்து 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முழங்கை 40 முதல் 50 டிகிரி வரை மடங்கியிருந்தபோதுதான் நரம்பின் மீதான அழுத்தம் மிகக் குறைவாக இருந்தது. அதற்கு மேல் மடங்க மடங்க ஏறியது. ஸ்ப்ளின்ட்டை 30 முதல் 45 டிகிரி வளைவில் செய்வது இதனால்தான். தூங்கவும் அது வசதி. கட்டியபின் விரல்கள் வீங்கினாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். முதல் வாரம் தூக்கம் கெடும். அதைப் பொறுத்துக்கொண்டு மூன்று மாதம் ஓர் இரவும் விடாமல் அணிய வேண்டும். வாரத்தில் நான்கு நாள் போட்டுவிட்டு முடிவைப் பார்ப்பதில் பயனில்லை.

பகலில் கணினிதான் உங்கள் முக்கிய எதிரி. மேசை விளிம்பிலும் நாற்காலியின் கைப்பிடியிலும் முழங்கையை ஊன்றாதீர்கள். கைப்பிடி கடினமாக இருந்தால் கழற்றிவிடுங்கள், அல்லது முன்கை முழுவதும் அதில் படும்படி மெத்தை வையுங்கள்; எடை முழங்கை முனையில் விழக் கூடாது. விசைப்பலகையைச் சற்றுத் தள்ளி வைத்து நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தினால் முழங்கை செங்கோணத்தைவிட விரிந்து இருக்கும். போனைக் காதில் வைத்துப் பேசுவதை அடியோடு விடுங்கள், இயர்போன் போதும். படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே போனைப் பிடித்துப் பார்ப்பதும், செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துப் படிப்பதும் இதே கணக்கில்தான் வரும். கார் ஓட்டினால் கதவின் மேல் முழங்கையை ஊன்றாதீர்கள். பஸ் ஜன்னல் கம்பியும் அப்படியே. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவரானால், முழங்கையை முழுவதும் மடக்கிப் பளு தூக்கும் பயிற்சிகளையும், தலைக்குப் பின்னால் பளுவை இறக்கி ஏற்றும் பயிற்சியையும் சில மாதங்களுக்கு நிறுத்திவையுங்கள். சிறு குழந்தையை நெடுநேரம் இடது கையில் தூக்கி வைத்துக்கொள்வதும் கணக்கில் சேரும். இது நம் வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று.

பயிற்சியைப் பற்றி. நரம்பை அதன் பாதையில் மெல்ல நகர்த்தும் பயிற்சி ஒன்று உண்டு. கையைப் பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுத் தாழ்வாக நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வையுங்கள். முழங்கையை மெதுவாக மடக்கும்போது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் தளரவிடுங்கள். கையை நீட்டும்போது மணிக்கட்டைப் பின்னோக்கி வளையுங்கள். ஒரு முனையில் இழுக்கும்போது மறுமுனையில் தளர்வதால் நரம்பு நீட்டப்படாமல் நகர்கிறது. எட்டு முதல் பத்து முறை, காலையும் மாலையும். கூச்சம் வந்து கையை இறக்கியபின்னும் நீடித்தால் அதிகம் செய்துவிட்டீர்கள், குறையுங்கள். இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்து நிறுத்தும் பயிற்சிகள் இணையத்தில் பரவலாக இருக்கின்றன. ஏற்கெனவே எரிச்சலுற்ற நரம்பை அப்படி இழுப்பது கெடுதல். ரப்பர் பந்தை அழுத்துவதும் இப்போது வேண்டாம்: நரம்பு முன்கைக்குள் நுழையும் இடத்தில் ஒரு தசையின் இரு தலைகளுக்கு நடுவே போகிறது, அந்தத் தசை இறுகினால் நரம்பும் நெரிபடும்.

எண்ணெய் தேய்த்து நீவினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். தோள், கழுத்துத் தசைகளை நீவினால் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. முழங்கையின் அந்தப் பள்ளத்தில் மட்டும் யாருடைய கட்டைவிரலும் பட அனுமதிக்காதீர்கள். அழுத்தத்தால் வந்த நோய்க்கு அழுத்தம் மருந்தாகாது.

ஊசி விஷயத்தில் என் கருத்து தெளிவானது. மணிக்கட்டில் நரம்பு அழுந்தும்போது ஸ்டிராய்டு ஊசி சில மாதங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. அதைப் பார்த்து முழங்கையிலும் போடுகிறார்கள். ஆனால் அல்ட்ராசவுண்டில் பார்த்துத் துல்லியமாகப் போட்ட ஸ்டிராய்டு ஊசியையும் வெறும் மருந்தில்லா ஊசியையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். முடிவில் வேறுபாடு இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

மாத்திரைகளில் பி12 குறைபாடு உள்ளவருக்கு பி12 அவசியம். நீங்கள் சைவ உணவுக்காரரானாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை நெடுங்காலமாக எடுத்துக்கொண்டிருந்தாலோ ரத்தத்தில் அளவைப் பார்த்துவிடுங்கள். குறைபாடு இல்லாதவருக்கு அழுந்திய நரம்பை எந்த வைட்டமினும் விடுவிப்பதில்லை. "நரம்பு மாத்திரை" என்று விற்கும் பலவற்றில் பி6 சேர்ந்திருக்கிறது. அதை அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்புகளைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். இரவு வலியும் எரிச்சலும் தூக்கத்தைக் கெடுத்தால் பிரிகாபலின் போன்றவை கொஞ்ச நாள் உதவலாம். அவை உணர்வை அடக்குகின்றன, காரணத்தை அல்ல. சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பரிசோதியுங்கள். கட்டுப்பாடற்ற சர்க்கரையில் நரம்பு சிறு அழுத்தத்தையும் தாங்காது. புகைப்பவரானால் நிறுத்துவதும் இந்தச் சிகிச்சையில் அடக்கம்.

இதைத் தொடங்குமுன், நோய் உண்மையிலேயே இதுதானா என்று ஒரு முறை உறுதிசெய்துகொள்ளச் சொல்வேன். இந்தியாவில், குறிப்பாக நம் ஊரில், எவரும் விட்டுவிடக் கூடாத ஒன்று தொழுநோய். அது மிக அடிக்கடி தாக்கும் நரம்புகளில் இந்த அல்நார் நரம்பு முதன்மையானது. முழங்கைக்குச் சற்று மேலே நரம்பு கயிறுபோல் தடித்துத் தட்டுப்பட்டாலோ, உடலில் எங்காவது உணர்வற்ற வெளிறிய தேமல் இருந்தாலோ உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கிய மடங்கிய விரல்கள் பெரும்பாலும் இந்த நரம்பு செத்ததால் மடங்கியவை. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் ஸ்டிராய்டு மாத்திரையும் தொடங்கினால் இழந்த பலம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் கையே போய்விடும்.

கழுத்தில் நரம்பு வேர் அழுந்தினாலும் சுண்டுவிரல் மரத்துப்போகும். அப்போது முன்கையின் உட்பக்கமும் சேர்ந்து மரத்திருக்கும், கழுத்தைத் திருப்பும்போது கூடும். மணிக்கட்டில் அழுந்தினால் உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்து, புறங்கை நன்றாக இருக்கும். மரத்துப்போவதே இல்லாமல் கைச் சதை மட்டும் வற்றுகிறது என்றால் இது வேறு நோய், நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இளைஞர்களுக்கு வரும் ஹிராயாமா நோய் அப்படிப்பட்டது. புகைப்பழக்கம் உள்ளவருக்குத் தோள்வலியோடு இதே விரல்கள் மரத்தால் நெஞ்சின் மேற்பகுதியை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. சிறுவயதில் முழங்கை எலும்பு முறிந்து கை கோணலாகச் சேர்ந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து இந்த நரம்பு இழுபடுவதும் உண்டு. அவர்களுக்குப் பட்டையும் பழக்கமும் மட்டும் போதாமல் போகலாம்.

முன்னேற்றம் ஓர் ஒழுங்கில் வரும். முதலில் இரவில் விழிப்பது குறையும். அடுத்து பகலில் கூச்சம் வரும் நேரங்கள் குறையும். மரத்த உணர்வு கடைசியில்தான் போகும், விரல் நுனியில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை மூன்று விஷயங்களைக் குறித்துவையுங்கள்: எத்தனை இரவு விழித்தீர்கள், காலையில் எழும்போது மரத்திருந்ததா, தாளைப் பிடிக்கும் சோதனையில் மாற்றம் உண்டா. ஆறு வாரத்தில் இரவுகளாவது தெளிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒன்றும் மாறவில்லை என்றாலோ, விட்டு விட்டு வந்த மரத்துப்போதல் எந்நேரமும் நிலைத்துவிட்டாலோ, பலம் குறையத் தொடங்கினாலோ அறுவைக்குச் சம்மதிப்பதில் தோல்வி ஒன்றும் இல்லை. அது சிறிய அறுவைதான். மூடியிருக்கும் பட்டையை வெட்டி நரம்பை அங்கேயே விடுவிப்பதும், நரம்பை முன்பக்கம் இடம் மாற்றுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. இடம் மாற்றுவதில் காயத்தில் தொற்று சற்று அதிகம். நரம்பு எலும்பு மேட்டின் மேல் வழுக்கி ஏறி இறங்குபவர்களுக்கு இடம் மாற்றுவதைப் பரிசீலிப்பார்கள். அப்படி வழுக்குவது எந்தத் தொந்தரவும் இல்லாத ஆறு பேரில் ஒருவருக்கு இயல்பாகவே இருக்கிறது என்பதால், அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது.

அறுவை செய்யலாம் என்ற மருத்துவரிடம் திரும்பப் போய் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "என் கையில் பலக்குறைவு உண்டா? அறிக்கையில் அலையின் உயரம் குறைந்திருக்கிறதா?" இரண்டுக்கும் இல்லை என்றால், மூன்று மாத அவகாசம் கேளுங்கள், பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால், அவர் சொல்லும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.